ஆகாது

பூபாலன்,
உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை.
ஹேவன்சைட் மண்டபத்தில்
மேளம் என் நெற்றிக்குள் இறங்கி அடித்துக்கொண்டிருந்தபோது
சட்டைப்பையிலிருந்து நீ எடுத்து நீட்டிய
மடித்த காகிதத் தலைவலிப் பொடி
பாசத்தில் கொடுத்ததுதான்.
நான்தான் நாக்கில் கொட்டி
ஆரஞ்சு கூல்டிரிங்க் ஊற்றி விழுங்கினேன்.

தாலி கட்டும் நேரத்துக்குள்
இடது கண் மூடிவிட்டது.
உதடு, முகத்தை விட்டு ஓர் அங்குலம்
முன்னால் போய் நின்றது.
வீடியோவில் பார்:
எல்லோரும் அட்சதை தூவுகிறார்கள்,
மோகாம்பரி கழுத்தைச் சொறிந்துகொண்டு
காற்றைத் தேடி வெளியே போகிறாள்.
சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்களாம்
பெண் வீட்டார்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி.
சிவப்பு மையில் ஒரு தாள்: ஆஸ்பிரின்.
தாளை எங்கே வைத்தேனோ.

இப்போது கடைவாய்ப் பல். இன்று காலை பிடுங்கினார்கள்.
வலி என்று ஒரு சொல் போதும்,
சாட்ஸ்வொர்த்தில் எல்லாக் கைப்பையும் திறக்கும்.
மதியம் நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில்
டீச்சர் ஒரு ரோஸ் மாத்திரை.
சந்தையில் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டே
தோட்டக்காரர் தனபால் ஒரு சிவப்பு கேப்ஸ்யூல்.
பக்கத்து வீட்டு சலோஷ்னா மதிலுக்கு மேலே கை நீட்டி,
"ஆஸ்பிரின் இல்லக்கா, பயப்படாதே."
நிஜந்தான். ஆஸ்பிரின் இல்லை.

மருந்துக்கடை நொம்புசோ
எதையும் நீட்டவில்லை.
கேட்டாள்.
எப்போது? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்?
தடிப்பா, வீக்கமா, மூச்சா?
கோடீன் சாப்பிட்டு ஒருமுறை வாந்தி எடுத்ததையும் சொன்னேன்.
அது வேறு, என்றாள்,
அது வயிறு முறைத்துக்கொள்வது.
இது உடம்பு முழுக்க ஆயுதம் எடுத்துக்கொண்டு வருவது.

ஒவ்வாமை என்று சனிக்கிழமை தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன்.
வாயில் வருவதென்னவோ
ஆகாது.
எனக்கும் மூத்த நாத்திக்கும் ஆகாது.
செவ்வாயில் நகம் வெட்ட ஆகாது.
அதற்கெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொல்லில்
இதையும் போட்டு வைத்திருந்தேன், பார்.
நாத்தி வந்தால் கண் வீங்குவதில்லை.

மருந்து உறையின் பின்பக்கம் நொம்புசோ கோடு இழுத்தாள்:
ஆஸ்பிரின், அதன் கீழே இபுப்ரோஃபென்,
டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென்.
குடும்பம் என்றாள் அவள்.
பங்காளிகள் என்று எழுதிக்கொண்டேன் நான்.
ஒருவனிடம் இப்படி வீங்கியிருக்கிறாய்,
டாக்டர் சோதித்துச் சொல்லும்வரை
மற்றவன் வீட்டிலும் தண்ணீர் குடிக்காதே.
முட்டிக்குத் தேய்க்கும் களிம்புக்குள்ளும்
ஒருவன் உட்கார்ந்திருக்கிறானாம்.
அதை நாம் வருஷக்கணக்காக
பீரோ மேல் வைத்திருக்கிறோம்.

கடைசியில் தந்தது வெறும் பனாடோ.
இரண்டு. ஆறு மணி நேரம் கழித்து இரண்டு.
நாளுக்கு எட்டைத் தாண்டாதே,
சளிக்குக் கலக்கிக் குடிக்கும் பொடியிலும் இது உண்டு,
அதையும் சேர்த்து எண்ணு.

முழு வலியையும் அது எடுக்கவில்லை.
முக்கால் எடுத்தது.
மிச்சக் காலோடு
கரண்ட் போன சமையலறையில்
உட்கார்ந்திருந்தேன், நீ போன் செய்தாய்.
"அக்கா, புதுசு ஒண்ணு வந்திருக்கு, பயங்கர ஸ்ட்ராங். கொண்டு வரவா?"

டப்பாவைத் திருப்பு.
பின்னால் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது, படி.
"கண்ணாடியைக் காணோம்."
தேடு. நான் எங்கும் போகவில்லை.
இழுப்பறை திறந்தது, மூடியது,
உன் பெண் ஏதோ திட்டினாள்,
பிறகு முதல் வகுப்புப் பையன் மாதிரி ஆரம்பித்தாய்:
"இ... பு..."

போதும். கீழே வை.
அவன் பங்காளி.

கொஞ்ச நேரம் உன் மூச்சு மட்டும் கேட்டது.
மண்டபத்தை நினைத்திருப்பாய்.
"அப்போ ஐஸ் கொண்டு வரட்டா?"

கொண்டு வா.